காற்று நிற்கவில்லை

பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் செல்போன் கையில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். லட்சம் பேர் மலையைச் சுற்றும்போது யாருடைய அழைப்பும் போகாது. அந்தப் பாழாய்ப்போன நாளில்தான் மெஹ்ருன்னிசா தன் தப்பைக் கண்டுபிடித்தாள்.

சென்னையிலுள்ள ஒரு சின்ன ராக்கெட் கம்பெனிக்கு இங்கே வாடகை அறையிலிருந்து நிரல் எழுதுகிறவள் அவள். எரிந்து முடிந்த ராக்கெட்டின் அடிப்பகுதி கடலில் எங்கே விழும் என்று சொல்வது அவளுடைய நிரல்தான். அது காட்டிய இடத்தை ஆபத்துப் பகுதி என்று அறிவித்து, படகுகளை அதற்குக் கிழக்கே போய் வலை போடச் சொல்லியிருந்தார்கள். ராக்கெட் அன்று மாலை கிளம்புகிறது.

மதியம் கை சும்மா இருக்கமாட்டாமல், நிரலில் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரு பந்தை விட்டுப் பார்த்தாள். அது நேரே இறங்காமல் மேற்கே மேற்கே என்று ஓடியது. நிரலை முதல் வரியிலிருந்து படித்தாள். பூமி சுற்றினால் காற்றும் கூடவே சுற்றும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இவளோ நட்சத்திரங்களை நிலையாக வைத்து, பூமியைச் சுற்றவிட்டுக் கணக்குப் போட்டபோது, காற்றையும் அவற்றோடு சேர்த்து நிறுத்திவிட்டாள். சோதனையில் ஏன் மாட்டவில்லை? எண்கள் சுலபமாக வரும் என்று எல்லாவற்றையும் வடதுருவத்துக்கு நேர் மேலேயே சோதித்திருந்தாள். அங்கே பூமி நின்ற இடத்திலேயே சுழல்வதால் காற்றுக்கு அந்த ஓட்டமே கிடையாது. என்ன கெட்டிக்காரத்தனம்!

அப்படியென்றால் நிஜத்தில் ராக்கெட்டின் அடிப்பகுதி இன்னும் கிழக்கே விழும். படகுகள் இருக்கிற இடத்தில்.

மேலாளர் மாறனுக்குப் போன் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். போகவில்லை. அறையின் இணையமும் செல்போன் வழியேதான். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் கேபிள் இணையம் உண்டு. பாதையில் வண்டிகளை விடவில்லை. கூட்டத்துக்கு எதிரே நடக்கத் தொடங்கினாள்.

"எதிர்ல போகாதம்மா, மெறிச்சிடுவாங்க!" வீட்டுக்காரம்மா தனம் வாசலிலிருந்து கத்தினாள். "கூட்டத்தோடவே சுத்திக்கினு போயேன்!"

"அதுக்கு நேரமில்லக்கா!"

இடித்தார்கள், திட்டினார்கள். மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்றால் வந்த வழியே தள்ளிக்கொண்டு போனார்கள். ஓடுகிற கூட்டத்தில் நிற்கிறவர் கதி இதுதான் என்று அவள் உடம்புக்குத் தெரிந்தது. இதை நிரலுக்குச் சொல்லாமல் விட்டோமே என்று அழுதுகொண்டே நடந்தாள்.

விடுதியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இணைய அழைப்பில் மாறன் உடனே கிடைத்தான். அவன் பின்னால் ஒரே கைதட்டல்.

"எங்க போயிட்டீங்க மெஹர்? சூப்பரா போயிடுச்சு!"

"சார், விழற எடம் தப்பு. என் தப்புதான். கிழக்கால இருக்கிற படகுங்கள உடனே..."

"அது அப்பவே விழுந்துடுச்சே." அவன் குரல் இறங்கியது. யாரிடமோ எதையோ கேட்டான். கைதட்டல் நின்றது. திரும்பி வந்தபோது மெதுவாகப் பேசினான். "ஒரு படகுல இருந்து மட்டும் வயர்லெஸ்ல பதில் இல்லியாம். ஆறு பேரு."

"எந்தப் பக்கம் சார்?" பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

"நாம போகச் சொன்ன பக்கம்தான்."