டீ நிறத் தண்ணீர்

எழிலரசி மொட்டைமாடியில் ஃபைட்டர் மீன் வளர்த்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட்டபின் அதுதான் அவள் பிழைப்பு. காய்ந்த பாதாம் இலைகளைத் தொட்டிகளில் ஊறப்போடுவாள். சாறு இறங்கித் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அதில்தான் மீன் மிரளாமல் முட்டையிடும். முட்டையில் பூஞ்சையும் அவ்வளவாகப் பிடிக்காது.

கீழே குடியிருந்த வீட்டு ஓனர் தணிகாசலத்துக்கு அந்த நிறமே ஆகாது. பாலாற்றோரம் அவருடைய கிணறு, தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு இறங்கி இப்படித்தான் பழுப்பேறியது, தென்னையெல்லாம் பட்டுப்போயிற்று. எழிலரசியின் புருஷன் ஜெயப்பிரகாஷுக்கும் தோல் ஷாப்பில்தான் வேலை. மாடிக் குழாயில் பழுப்பாக ஒழுகியதைப் பார்த்தவர் விறுவிறுவென்று படியேறினார்.

“இன்னாம்மா இது? உன் வூட்டுக்காரன் ஷாப்புத் தண்ணிய இங்க கொண்ணாந்து கொட்றானா?”

“இலை ஊறின தண்ணிங்க. மோந்து பாருங்க.”

“இந்தக் கலரு எங்கேர்ந்து வருதுன்னு எனக்கா தெரியாது?”

“தெரியலன்னுதான் சொல்றேன்.”

அவர் முறைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் வேலூர்க் கடைக்கு மீன் கொடுத்துவிட்டு அவள் திரும்பியபோது, தொட்டிகள் பளிங்காக மின்னின. இலை ஒன்றுகூட இல்லை. குஞ்சுகள் வெள்ளைத் தூசியாக மிதந்தன. பெரிய மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தன. பொழுது சாய்வதற்குள் அவையும் செத்தன.

எல்லாவற்றையும் ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றாள்.

“நான் இன்னா விஷமா வெச்சேன்? கேன் தண்ணி வாங்கி ஊத்துனேன். நாங்க குடிக்கிற தண்ணி!”

“அதுல உப்பும் இல்ல, இலைச் சாறும் இல்ல. திடீர்னு மாத்துனா மீன் எப்படித் தாங்கும்? ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“என் வூட்ல நான் எதுக்குக் கேக்கணும்? காலி பண்ணு!”

“சொல்லலன்னாலும் பண்ணுவேன். இனிமே இந்தப் படியில ஏற எனக்கே அருவருப்பா இருக்கு.”

ஜெயப்பிரகாஷ் சமாதானம் பேசச் சொல்லிக் கெஞ்சினான். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

சாமான் ஏற்றிய அன்று தணிகாசலம் வாசல் கேட் அருகே கைகட்டி நின்றார். சமையலறையிலிருந்து அவள் ஒரு கண்ணாடி ஜாடியை அணைத்தபடி வந்தாள். பழுப்புத் தண்ணீரில், தான் ஊதிக் கட்டிய நுரைக்கூட்டுக்கு அடியில், நீல ஆண் மீன் துடுப்பை விரித்துக் குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

அவரால் வாயை அடக்க முடியவில்லை. “இது மட்டும் எப்படிப் பொழச்சுது?”

“இது உங்க கண்ணுல படல,” என்று சொல்லிவிட்டு, அவள் ஜாடியை மடியில் வைத்து ஆட்டோவில் ஏறினாள்.