இரண்டாவது பதிவு

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, பொறுக்கினேன். என் அக்கா ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறாள். ஒரு நாள் காலை அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தேன். டிரம்ஸ் வாசிப்பவன் ஒருவன் அப்போதுதான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனான். "நாலு வருஷம் முன்னாடி இவன் மாத்திரைக்கு அடிமையா கிடந்தான்" என்றாள் அக்கா, ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

எழுதுகிற ஜாதிக்கு இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? முகத்தில் வருத்தம் காட்டுவோம். உள்ளே நாக்கு ஊறும்.

2

முதல் தொடக்கம்: "வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவு அறையில் அவன் தனியாக"

(நிறுத்திவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. மழை பெய்வது அவனுக்கு எப்படித் தெரியும்?)

இரண்டாவது தொடக்கம்: "அவன் கைகள் நடுங்கின. அந்த நடுக்கத்திலும் ஒரு தாளம்"

இதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "கையெல்லாம் நடுங்காதுடி. அந்த மாத்திரைக்கு மூக்கு அரிக்கும். எந்நேரமும் மூக்கைச் சொறிஞ்சிக்கிட்டே இருப்பான்" என்றாள்.

மூக்கரிப்பை வைத்துக்கொண்டு நான் எப்படித் துயரக் காவியம் எழுதுவது?

3

ஆகவே அலங்காரமில்லாமல் நடந்ததைச் சொல்கிறேன்.

அவனுக்கு வாத்தியக்காரர்கள் மத்தியில் கடிகாரம் என்று பெயர். சொன்ன நேரத்துக்கு வருவான் என்பதால் அல்ல, வரவே மாட்டான். ஆனால் உட்கார்ந்து குச்சியைக் கையில் எடுத்துவிட்டால் தாளம் இம்மி பிசகாது. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள்.

ஒரு வருடம் வேலை அதிகமாகி மணிக்கட்டு வீங்கியது. மருத்துவர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மணிக்கட்டு ஆறிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று அக்கா பிற்பாடு கேட்டபோது அவன் சொன்னானாம்: "அது போட்டா ரெண்டு அடிக்கு நடுவுல இடம் அகலமா தெரியுதுக்கா. உள்ள போயி கால நீட்டி உக்காந்துட்டு வரலாம்."

(இந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருக்கிறது.)

ஒரு சாயங்காலம் டீச்சர் அக்காவுக்குப் போன் செய்தார். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது, மகள் வாசலிலேயே நிற்கிறாள், கூப்பிடப் போகவேண்டியவர் எங்கே? அக்கா தேடினாள். கூடத்தின் கழிவறையில், தரையில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் எழவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தில் நாலு தட்டு தட்டிய பிறகு கண்ணைத் திறந்து, "எத்தனையாவது டேக்?" என்று கேட்டான்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். பிறகு அவளும் அதே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

4

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வரைவில், ஏழாம் பக்கத்தில், அவனைக் கொன்றுவிட்டேன். நல்ல சாவு. குச்சிகள் உருண்டு ஓடின, பாட்டு பாதியில் நின்றது, டீச்சர் கரும்பலகை முன்னால் சிலையாக நின்றார்.

"நேத்து எனக்கு ஸ்பீக்கர் தூக்கி வெச்சவன சாகடிக்கிறியே, அறிவிருக்கா உனக்கு?" என்றாள் அக்கா.

"கதைக்கு நல்லா இருக்குக்கா."

"உங்களுக்கெல்லாம் பாட்டுக்காரன் ஒண்ணு போதையில மிதக்கணும், இல்லன்னா செத்துப் போகணும். நடுவுல காய்கறி வாங்கக் கூடாது."

ஏழாம் பக்கத்தைக் கிழித்தேன். மனமில்லாமல்தான்.

5

உண்மையில் நடந்தது இது.

அவனைப் போதை மறுவாழ்வு மையத்துக்குப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். அவனிடம் ஒரே பதில்: "மாத்திரை இல்லாம என்னால வாசிக்க முடியாது." டீச்சர் அழுதார், அவனும் கூடச் சேர்ந்து அழுதான், மாத்திரை போட்டுக்கொண்டான்.

அக்கா ஒரு காலைப்பொழுது அவனை வரச் சொன்னாள். ஒரே பாட்டு, அவன் வாசித்த இரண்டு பதிவுகள். ஒன்று மாத்திரையோடு வாசித்தது. மற்றது, மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று விரட்டிய ஒன்பது நாளில், காய்ந்து கிடந்தபோது வாசித்தது. எது எது என்று சொல்லாமல் ஹெட்போனை மாட்டிவிட்டாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். இரண்டாவது ஓடும்போது முழங்கால் தானாக ஆடியது.

"ரெண்டாவது" என்றான். "அதுதான் மாத்திரை போட்டு வாசிச்சது. அதுதான் நான்."

"தப்பு" என்றாள் அக்கா. "அது மாத்திரை இல்லாம வாசிச்சது."

அவன் மறுபடி போடச் சொன்னான். இன்னும் ஒரு முறை. அதற்கப்புறம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப இவ்வளவு நாளா நான் எதுக்குக்கா" என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. (நானும் முடிக்கவில்லை. சில வாக்கியங்கள் அப்படியே இருக்கட்டும்.)

மறுநாள் தானே போய் மையத்தில் சேர்ந்தான். ஐம்பது நாள். முதல் பத்து நாள் நாய்ப்பாடு. இப்போது நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே மையத்துக்குப் போய், புதிதாக வந்தவர்களுக்கு இந்த இரண்டு பதிவு கதையைச் சொல்கிறான். ஒரு கிதார்காரரும் ஒரு பாடகியும் அதைக் கேட்டுத்தான் துணிந்தார்களாம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பத்திரிகைக்கு அனுப்ப உறையில்கூடப் போட்டுவிட்டேன்.

6

அனுப்புவதற்கு முன்னால் அந்த இரண்டாவது பதிவைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

அக்கா கணினியில் தேடி ஓடவிட்டாள். எனக்கு இசை ஞானம் பூஜ்யம். இருந்தும் கை மேசையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. சும்மா திரையைப் பார்த்தேன். கோப்பின் பெயரில் தேதி இருந்தது. மார்ச்.

"அக்கா, அந்த ஒன்பது நாள் ஜூலைன்னு சொன்னியே."

அக்கா பாட்டை நிறுத்தவில்லை. முடியும்வரை காத்திருந்தாள்.

"ஆமா" என்றாள். "அவன் சரியாத்தான் சொன்னான்."

"அப்ப மாத்திரை போட்டதுதான் நல்லா இருந்துச்சா?"

"அந்த ஒண்ணு நல்லா இருந்துச்சு. அந்த மாசம் பதினோரு பாட்டுக்கு வாசிச்சான். மிச்சம் பத்துலயும் அவன் வாசிச்சத எடுத்துட்டு வேற ஆள வெச்சுப் பதிவு பண்ணேன். அது அவனுக்கு இன்னிக்கும் தெரியாது."

"பொய் சொல்லிட்டியேக்கா."

"சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு இப்ப பன்னெண்டு வயசு. அப்பா வந்து கூட்டிட்டுப் போறாரு. இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காத."

கேட்கவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது.

7

அன்றிலிருந்து யோசிக்கிறேன். போதையையும் இசையையும் சேர்த்து நாம் பேசுவதெல்லாம் அந்தப் பதினோராவது பாட்டைப் பற்றித்தான். அழிக்கப்பட்ட பத்தை யாரும் கேட்டதில்லை, கேட்க முடியாது. அக்கா பொய் சொன்னாள். ஆனால் அவனுடைய இரண்டு காதும் அதைவிடப் பெரிய பொய்யை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

(அழகாகத்தான் எழுதிவிட்டேன். நம்புகிறேனா? ஒரு நாள் விட்டு ஒரு நாள்.)

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா உண்மையைச் சொல்கிறாள், அவன் எழுந்து மருந்துக்கடைப் பக்கம் நடக்கிறான். இன்னொன்றில், "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்று சிரிக்கிறான். அது எனக்கே இனித்தது, அதனால் சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். மூன்றாவதில் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதில்தான் இன்றைக்கு எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள், நான் ஒருத்தியைத் தவிர.

அப்படியானால் ஏன் அச்சில் கொண்டுவந்தாய் என்று கேட்பீர்கள். அவன் கதை படிப்பதில்லை. டீச்சர் படிப்பார், அதனால் அடையாளங்களை மாற்றிவிட்டேன். அவன் வாசிப்பது டிரம்ஸ் அல்ல. கடிகாரம் என்பதும் நான் வைத்த பெயர். டீச்சர் டீச்சர் அல்ல. மார்ச்சும் மார்ச் அல்ல.

ஆக, அவன் யாராகவும் இருக்கலாம். நீங்கள் ரயிலில் போகும்போது எதிர் இருக்கையில் வாத்தியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்காரலாம். பேச்சு வளரும். கூச்சமே இல்லாமல், சந்தோஷமாகச் சொல்வார்: ஒரு அக்கா எனக்கு ரெண்டு பதிவு போட்டுக் காட்டினாங்க, நான் ரெண்டாவதைத்தான் சொன்னேன், பாத்தா அது மாத்திரையே இல்லாம வாசிச்சது, நம்புவீங்களா?

கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பார்.

சொல்லுங்கள்.