சொல்லின் நடுவே ஒரு கோடு

…சொல்லித்தான் ஆக வேண்டும், தேநீர் வேளையில், மெதுவாக, அக்கா, அந்த நீளப் பாட்டுக்கு மட்டும் நீ உட்கார்ந்துக்கோ என்று, எப்படிச் சொன்னாலும் அக்காவின் முகம் ஒரு கணம் சுண்டிப்போகும், பிறகு சிரிப்பாள், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது. அவள் கடைசி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எதிரே பாடகர் குழு நின்றது, மேலே மின்விசிறி கிறீச்சிட்டது, நாளைக்கு ஒலிப்பதிவு. எழுநூறு ஆண்டுத் தூசியிலிருந்து அந்தப் பாட்டை மீட்டுக் கொடுத்தவள் அவள், பாடுகிறவர்களில் ஒருத்தி அக்கா. அதனால்தானே குழுத் தலைவர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார், "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்களுக்கு மூச்சு பத்தல, அந்த வரி முடியறப்ப இருமல் வந்துடுது, மைக்குல அப்படியே விழும், நான் சொன்னா புண்படுவாங்க, நீங்க சொன்னீங்கன்னா…" நல்ல மனிதர்தான், அக்கா அவருக்கு வைத்திருக்கும் பெயர் விசிறி, கையை அப்படி ஆட்டுவார், அக்கா யாரைத்தான் விட்டாள்… நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த டாக்டரையே, மிச்சத்தை எனக்கே விட்டு வச்சதுக்கு நன்றி டாக்டர் என்றவள், மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, நான் பாடலாமா என்று.

பாடுவது அக்கா, படிப்பது அவள், வீட்டில் எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது. பள்ளியில் காலை வழிபாட்டின்போது பாட்டு டீச்சர் அவளருகே குனிந்து, கண்ணு, நீ வாயை மட்டும் அசை, போதும் என்றார், எவ்வளவு கனிவாகச் சொன்னார், அந்தக் கனிவு இன்னும் உறுத்துகிறது… வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்ற அந்தக் காலைகளில்தான் பிறந்ததா இந்த ஆசை, சத்தமே இல்லாத பாட்டு எங்கேயாவது இருக்குமா என்று? இருந்தது. தோல் ஏடுகளில் இருந்தது, பாடியவர்கள் மண்ணாகி, பேசிய மொழியும் வழக்கொழிந்து, இசைக்குறிப்பின் புள்ளிகளும் வளைவுகளும் மட்டும் மிஞ்சிய பாட்டு. பாட வராத பாட்டுல டாக்டர் பட்டம் வாங்கினவ என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார், பெருமையில்தான். எத்தனை நூலகங்கள், கையைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போக வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும், ஏட்டைக் கைக்குழந்தைபோல மெத்தையில் கிடத்த வேண்டும், அப்படி ஒரு நாள் கண்ணில் பட்டதுதான் அந்தக் கோடு. மேல்நாட்டுக் கிறிஸ்தவப் பெண் துறவிகள் மடத்துப் புத்தகம், ஒரே சொல்லை இழுத்து இழுத்துப் பாடும் நீண்ட வரி, அந்தச் சொல்லின் நடு வயிற்றில் குட்டையாக ஒரு கோடு, வேறு மையில், வேறு கையால். கோடு என்றால் இங்கே மூச்செடு என்று பொருள், சரி, ஆனால் சொல்லுக்கு நடுவில் யார் மூச்செடுப்பார்கள், சொல் உடைந்துபோகாதா? கைப்பிழை என்று எழுதினாள், அவள் புத்தகத்தில் அப்படியே அச்சானது, நாளைக்குப் பாடப்போகும் தாள்களிலும் கோட்டை நீக்கிவிட்டாள். தாளிலிருந்து போயிற்று, மனத்திலிருந்து போகவில்லை… பல் துலக்கும்போது வரும், பேருந்தில் வரும், அத்தனை அழகாக எழுதிய மடத்தில் ஒரு பிழையைச் சுரண்டிவிட ஒரு சின்னக் கத்தியா கிடைக்கவில்லை?

விசிறி கையைத் தூக்கினார், மறுபடியும் முதலிலிருந்து. எப்போதும் தாளில் கண்ணை வைத்தே கேட்கிறவள் இந்த முறை அக்காவைப் பார்த்தாள், இருமல் வருமுன் எழுந்து வெளியே போய்விடலாமா என்ற நினைப்போடு. நீள வரி தொடங்கியது, ஏறியது, அக்காவின் பக்கத்தில் பல் டாக்டரம்மா, நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு மாலையில் தன் வாயைத் திறக்க வருகிறவர், முழங்கையால் அக்காவை லேசாக இடித்தார். அக்கா வாயை மூடினாள். மூடினாளா? சொல்லின் நடுவிலா? தோள் உயர்ந்தது, மூச்சு உள்ளே போனது, ஆனால் காதுக்கு ஒன்றும் அறுபடவில்லையே, பாட்டு போய்க்கொண்டே இருந்தது, டாக்டரம்மா அந்த ஒரு கணம் மட்டும் கழுத்து நரம்பு தெரியக் கொஞ்சம் கூடுதலாகப் பாடினார், அக்கா சத்தமில்லாமல் மறுபடி வந்து சேர்ந்துகொண்டாள், வரி முடிகிறவரை இருந்தாள். இருமல் வரவில்லை. எல்லோரும் ஓய்கிற இடத்தில் ஒருத்தி திணறினால் ஊருக்கே கேட்கும், நடுவில் நின்றால் மற்ற வாய்கள் அதை மூடிக்கொடுக்கும்… இவ்வளவுதானா?

அப்படியென்றால் அந்தக் கோடு பிழையே இல்லையா, யாருக்காகவோ போட்டதா, மார்ச்சளி கண்ட ஒருத்திக்கா, தள்ளாத ஒருத்திக்கா? ஆனால் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு தாள் ஏது, மடத்துக்கே ஒரு பெரிய புத்தகம், தாங்கியில் விரித்துவைத்து எல்லோரும் ஒன்றாகப் பார்த்துப் பாடுவது, ஆகவே எல்லோருமே அந்தக் கோட்டைப் பார்த்தார்கள், இங்கே அவள் மூச்செடுப்பாள், இங்கே நாம் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று… உட்காரச் சொல்லவில்லை, வாயை மட்டும் அசைக்கச் சொல்லவில்லை, கடவுளுக்கு முன்னால் விரித்த புத்தகத்திலேயே அவள் இளைப்புக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆதாரம் என்ன என்று கேட்பார்கள், நியாயம்தான், கேட்கத்தான் வேண்டும், என்ன காட்டுவாள்? ஒரு முழங்கையைத் தவிர அவளிடம் என்ன இருக்கிறது?

தேநீர் வந்துவிட்டது. அக்கா காகிதக் குவளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், மூச்சு லேசாக இரைந்தது. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? விசிறி ஏதாவது சொல்லி அனுப்பிச்சாரா?" தெரிந்திருக்கிறது, எல்லாம் தெரிந்திருக்கிறது. "மென்னு முழுங்காத. இந்தப் பாட்டுக்கு நானே உக்காந்துக்கறேன், உனக்கெதுக்குப் பாவம்." அந்தச் சிரிப்பு வந்தேவிட்டது. அவள், "உன் தாளைக் குடு" என்றாள். பையில் பென்சில் இருந்தது, எப்போதும் இருக்கும். அதே சொல்லின் நடுவில், அதே இடத்தில், குட்டையாக ஒரு கோடு. அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு படிச்சுட்டுத் தப்பான எடத்துல போட்டிருக்கியே?"

"தெரியும்."

"வார்த்தை உடையுமேடி. இப்ப ஒரு தடவை திருட்டுத்தனமா மூச்செடுத்தேன், அதுக்காகத் தாள்லயேவா போடுவ?"

"நீ உடை. மத்தவங்க பாத்துக்குவாங்க."

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிப்பு போய்விட்டிருந்தது, முகம் சுண்டவும் இல்லை. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார், எதுவும் கேட்காமல், "அந்தப் பென்சிலை இப்படிக் குடுங்க" என்று வாங்கித் தன் தாளிலும் கோடு போட்டார், அடுத்த நாற்காலிக்காரர் கையை நீட்டினார், பென்சில் நகர்ந்தது. அங்கிருந்து விசிறி புருவத்தை உயர்த்தினார், சொல்லிட்டீங்களா என்பதுபோல, அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை… அந்த மடத்தில் மூச்சு இரைந்தவளைப் பற்றியே இத்தனை நேரம் நினைத்தோமே, அவளுக்காக அந்தக் கோட்டைப் போட்டது யார்? எல்லோருக்கும் பொதுவான புத்தகத்தில் துணிந்து கை வைத்தவள், அவள் நன்றாகப் பாடுகிறவளா, இல்லை, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற ஒருத்தியா?