தண்ணீர் வைத்த பெட்டி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரஞ்செடி எதுவும் இருக்காது. ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட சின்ன வீடுகள், நடுவே இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற பாதை, மூலையில் பொதுக் குழாய். பலாமரத் தோட்டமும் அப்படித்தான். டோரின் அங்கே பிறந்தவள். படித்து, நுளம்புகளை ஆராய்கிற வேலைக்குப் போய், றேமண்டைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் குடியேறிய பிறகும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவளுக்கு அண்ணன் பேர்னாட்டின் வீட்டில்தான் சோறு.

பேர்னாட் துறைமுகத்தில் பாரம் இறக்குகிறவன். நெஞ்சு அகன்ற ஆள். கோபம் வந்தால் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவான், கை நீட்டமாட்டான். அவனுக்கும் யோசெப்பினுக்கும் கலியாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, கடைசியில் பிறந்தவள் மெலனி. மாமி வரும் நாளில் வாசலிலேயே நிற்பாள். டோரினின் கைப்பையைப் பறித்துக்கொண்டுதான் உள்ளே விடுவாள்.

கோவிட் ஓய்ந்ததற்கு அடுத்த வருஷம் டெங்கு கொழும்பைப் பிடித்து உலுப்பியது. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் கிடந்தார்கள். அப்போதுதான் டோரின் வேலை செய்த ஆராய்ச்சிக் குழு கொட்டாஞ்சேனைக்கு வந்தது. வேறு பூச்சிகளின் உடம்பில் இயல்பாக வாழ்கிற ஒரு பக்டீரியாவை அவர்கள் நுளம்பின் முட்டைக்குள் புகுத்தியிருந்தார்கள். அந்த முட்டையில் பொரிக்கிற நுளம்பின் உடம்பில் டெங்கு வைரஸ் பெருகாது. அது கடிக்கும், ஆனால் நோயைக் கொண்டுவராது. அதன் குஞ்சு குருமனும் அப்படியே. முட்டைகளைத் தண்ணீரோடு ஒரு பெட்டியில் வைத்துச் சுவரில் தொங்கவிட்டால் போதும். பொரித்துப் பறந்து ஊர் நுளம்புகளோடு கலந்துவிடும்.

ஆனால் இதனால் நோய் குறைகிறதா என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே சீட்டுக் குலுக்கினார்கள். பாதித் தோட்டங்களுக்கு முட்டை வைத்த பெட்டி. மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர் வைத்த பெட்டி.

சனங்களைக் கூட்டி டோரின் இதை ஒளிக்காமல்தான் சொன்னாள். பாதிப் பேருக்குத் தண்ணீர்தான், யாருக்கு எது என்று முடிவு வரும்வரை சொல்லமாட்டோம் என்றாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கள் வீட்டுக்கு வருவது நல்ல பெட்டிதான் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். கோவிட் காலத்தில் அடைத்துவைத்து மூக்கில் குச்சி விட்டவர்கள் மேல் ஆத்திரம் ஆறாத சிலர் முறுக்கிக்கொண்டபோது, பேர்னாட் எழும்பினான்.

"என்ட தங்கச்சி கொண்டுவாறது. முதல் பெட்டிய என்ட சுவர்ல கொழுவுங்க," என்றான். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

பெட்டிகளை நிரப்பியது டோரின். பலாமரத் தோட்டத்துக்குச் சீட்டில் விழுந்தது தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். முட்டைகள் இருந்த போத்தல் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஒரு பெட்டியை மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு வராமல் இல்லை. அண்ணன் வீட்டுக்கு மாற்றினால் அடுத்த வீட்டு ருக்கியாவின் பிள்ளைகளுக்கு என்ன பதில்? எல்லாவற்றையும் மாற்றினால் ஆராய்ச்சி என்ன ஆவது? தண்ணீரை ஊற்றி மூடியை இறுக்கினாள்.

மெலனிக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. இரத்தம் சோதித்தார்கள், டெங்குதான். டோரின் சொன்னபடி அன்றைக்கே பொரளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். யோசெப்பின் செபமாலையை முத்தமிட்டுவிட்டுச் சிரித்தாள். டோரின் மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் இந்த நோயில் பொல்லாத நேரம். மெலனியின் கால்களைத் தொட்டுப்பார்த்தாள். ஐஸ்.

பின்னேரம் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறத் தொடங்கினாள். கருத்த கோப்பித் தூள் போல வாந்தி. பிறகு சிவப்பாகவே வந்தது. மூக்கால், பல் முரசால், ஊசி குத்திய இடத்தால் எல்லாம் இரத்தம் கசிந்தது. தாதிமார் ஓடினார்கள், சேலைன் போத்தல்கள் மாறின, டொக்டர் பிள்ளையின் நெஞ்சில் ஏறாத குறையாக அழுத்தினார். பேர்னாட்டை இரண்டு பேர் பிடித்து வெளியே தள்ளினார்கள். கதவுக் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "மெலனி, அப்பா இங்கதான், அப்பா இங்கதான்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். உள்ளே எல்லோரும் கையை எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாதம்பிட்டி மயானத்தில் குழியை மூடியதும் பேச்சுக் கிளம்பியது. பெட்டிக்குள்ளிருந்து வந்த நுளம்புதான் பிள்ளையைக் கொன்றதாம். பெட்டி கொழுவிய பிறகுதான் நுளம்பு கூடியதாம். தோட்டத்தில் இன்னும் மூன்று நாலு பேருக்குக் காய்ச்சல். பேர்னாட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை, சவரம் செய்யவில்லை, டோரின் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் சிவபாதசுந்தரம் பயந்துபோனார். "அந்தத் தோட்டத்துப் பெட்டியளை மட்டும் சத்தமில்லாமல் கழட்டிக்கொண்டு வாங்கோ," என்றார். நாகேந்திரத்தையும் கூட்டிக்கொண்டு டோரின் காலையில் போனாள். நாகேந்திரம் யாழ்ப்பாணத்து மனிதர், ஐம்பது தாண்டியவர், குழுவின் வெளிவேலைகளைச் செய்பவர். ஏணியைச் சாத்தி முதல் பெட்டியைக் கழற்றியபோது பாதையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"களவா எடுத்துக்கொண்டு போறாங்க! ஒளிக்கப் பாக்குறாங்க!"

கல்லெறி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. நாகேந்திரத்தின் முதுகில் விழுந்தது. அடுத்தது ஏணியில். வீடுகளிலிருந்து ஆண்கள் வெளியே வந்தார்கள். டோரின் சின்ன வயதிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட முகங்கள். "பற்றிக் அண்ணா, நில்லுங்க, கேளுங்க" என்று அவள் கும்பிட்டாள். பற்றிக் அவளை மார்பில் கைவைத்துத் தள்ளிவிட்டு ஏணியை உதைத்தான். நாகேந்திரம் சரிந்து சீமெந்துத் தரையில் மல்லாக்க விழுந்தார். அவர் எழும்ப முன்பு கால்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. விலாவில் உதை விழுகிற சத்தம், நனைந்த மூட்டையில் அடிக்கிற மாதிரிக் கேட்டது. பெட்டிகளைப் பிடுங்கிச் சுவரில் அடித்து நொறுக்கினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேர்னாட் வந்தான். கையில் துறைமுகத்தில் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி. கண்கள் எங்கோ இருந்தன.

"அண்ணா, வேண்டாம்!"

அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. நாகேந்திரம் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். கொக்கி கையைத் தாண்டி இறங்கியது. மனிதர் போட்ட சத்தத்தில் உதைத்துக்கொண்டிருந்தவர்களே பின்னுக்குப் போனார்கள். பேர்னாட் மறுபடி ஓங்கினான்.

"அதுக்குள்ள நுளம்பே இல்ல!" டோரின் அலறினாள். "வெறும் தண்ணி! இந்தத் தோட்டத்துக்கு வந்தது வெறும் தண்ணிதான் அண்ணா! எங்கட நுளம்பு மெலனியக் கடிக்கவேயில்ல!"

உண்மையைச் சொன்னால் அவன் நிறுத்துவான் என்று அவள் நினைத்தாள். அவன் நிறுத்தினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

"தண்ணியா?"

"ஓம் அண்ணா. சீட்டில விழுந்தது."

"மத்தத் தோட்டத்துக்கு மருந்து நுளம்பு குடுத்தனீ?"

டோரின் கண்களைத் தாழ்த்தினாள்.

"என்ட பிள்ளைக்கு மட்டும் தண்ணி வெச்சனீ. தெரிஞ்சுகொண்டு வெச்சனீ. ஒவ்வொரு ஞாயிறும் என்ட வீட்டுல திண்டுபோட்டு, அவளை மடியில வெச்சுக்கொண்டு..."

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வலிக்கு முன்னால் வந்தது. இரண்டாவது அடியைக் கையால் தடுத்தாள். முழங்கைக்குக் கீழே கை வளையாத இடத்தில் வளைந்தது. கீழே விழுந்து பார்த்தபோது வாசலில் யோசெப்பின் நின்றாள். தடுக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைதான் டோரினுக்கு அடியை விட அதிகமாக நொந்தது.

யாரோ அவளுடைய சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். அடுத்த வீட்டு ருக்கியா. ஒல்லியான மனுஷி, எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, நிலத்தோடு இழுத்து வீட்டுக்குள் போட்டுவிட்டுத் திரும்பப் போய் நாகேந்திரத்தையும் கக்கத்தில் பிடித்து இழுத்துவந்தாள். கதவைப் பூட்டி அலுமாரியை முட்டுக்கொடுத்தாள்.

"வாய் தொறக்காத புள்ள. மூச்சுக் காட்டாத," என்றாள்.

கதவில் கொக்கி விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது. பலகை பிளந்து இரும்பின் நுனி உள்ளே தெரிந்தது. "பேர்னாட் நானா, இது ஏன்ட வீடு, உள்ளுக்குப் புள்ளைகள் ஈக்கிது!" என்று ருக்கியா கத்தினாள். அதற்குப் பிறகு அடி நின்றது. வெளியே ஒரு ஆம்பிளை மாடு கத்துவது போல அழுகிற சத்தம் கேட்டது. பொலிஸ் வரும்வரை அது ஓயவில்லை.

நாகேந்திரத்தின் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு விலா எலும்புகள் போயிருந்தன. டோரினின் கைக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். பேராசிரியர் சிவபாதசுந்தரம் பழங்களோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெல்லிய குரலில் பேசினார்.

"பொலிஸ் வரும் டோரின். கூட்டமா வந்து அடிச்சினம், ஆரெண்டு தெரியாது எண்டு சொல்லுங்கோ. உங்கட அண்ணனுக்கும் நல்லது. வழக்கெண்டு போனா இந்தச் சனம் எங்களை உள்ளுக்கே விடாது. இத்தனை வருஷ உழைப்பு."

அவள் நடக்கக்கூடியதாக இருந்ததும் நாகேந்திரத்தின் வார்ட்டுக்குப் போனாள். அவருடைய முகத்தில் பாதி கட்டுப்போட்டிருந்தது.

"பொலிஸ் வந்தவையோ?"

"வந்தவை பிள்ளை. நான் ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"நீங்க அவரைக் கண்டனீங்கள்தானே?"

"உன்ர அண்ணனெண்டு தெரியும். பிள்ளையை மண்ணுக்கை தாட்டுப்போட்டு நிக்கிற மனுசன்." மிஞ்சிய கண்ணை மூடிக்கொண்டார். கட்டுக்குக் கீழிருந்து ஈரம் வழிந்தது, கண்ணீரா இரத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஆனா இருட்டா இருக்கு பிள்ளை. ஒரு பக்கம் முழுக்க இருட்டா இருக்கு. இரவில வெருண்டு எழும்புறன்."

பேராசிரியர் காப்பாற்றச் சொன்னார். இந்த மனிதர் கேளாமலே காப்பாற்றியிருந்தார். அன்றைக்கு மாலை பொலிஸ் அதிகாரி டோரினின் கட்டிலடிக்கு வந்து, "கவுத கெஹுவே?" என்று கேட்டார். அடித்தது யார்?

அவள் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும் சொன்னாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கலியாணத்துக்குப் பிறகும் அவள் மாற்றாமல் வைத்திருந்த குடும்பப் பெயரும் அதுதான்.

"ஒயாகே அய்யாத?" அண்ணனா என்று கேட்டார்.

"ஒவ்," என்றாள் டோரின். சிங்களத்தில் ஆமென்று சொல்வது தமிழில் சொல்வதை விடக் கொஞ்சம் இலகுவாக இருந்தது. அவர் போன பிறகு தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

நீதிமன்றத்தில் பேர்னாட் வழக்காடவில்லை. நான்தான் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டான். சிறைத் தண்டனை விதித்து மறியலுக்கு அனுப்பினார்கள். பற்றிக்குக்கும் வேறு சிலருக்கும் சின்னத் தண்டனை. யோசெப்பின் நீதிமன்றப் படிகளில் டோரினைக் கடந்து போனாள், எச்சில் துப்பவில்லை, பேசவும் இல்லை.

வேலையை விட்டுவிடச் சொல்லி றேமண்ட் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. கை விரல்கள் சரியாக மடங்காமலே ஆய்வுகூடத்துக்குப் போனாள். ஆராய்ச்சி மற்றத் தோட்டங்களில் ஓடி முடிந்தது. முட்டை வைத்த தோட்டங்களில் டெங்கு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இனி எல்லாத் தோட்டங்களுக்கும் முட்டைதான் என்று முடிவானது. குழுவிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். டோரின் எழும்பி வெளியே போய்க் காலி நகருக்குப் போகும் வீதியில் வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். எங்கே போகிறதென்றும் பார்க்கவில்லை. கல்கிசையில் இறங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செய்தி வெளிவந்த கிழமை சிறையில் அண்ணனைப் பார்க்கப் போனாள். வேறு யாராவது சொல்லி அவன் அறியக்கூடாது என்றுதான் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பேர்னாட் வந்து நின்றான். மெலிந்திருந்தான். தாடி நரைத்திருந்தது.

"கை எப்பிடி?" என்றான்.

"பரவாயில்ல அண்ணா."

"அந்த மனுசன்?"

"ஊருக்குப் போயிட்டார். ஒரு கண்ணால சமாளிக்கிறார்."

பிறகு வலையில் விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தான்.

"உன்ட நுளம்பு... மத்தத் தோட்டங்கள்ல... பிள்ளையள் தப்பினதா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"ஓம் அண்ணா. தப்பினது."

பேர்னாட் தலையாட்டினான். விளங்கியது போலத் திரும்பத் திரும்ப ஆட்டினான். அப்படி ஆட்டிக்கொண்டே நெற்றியை வலையில் மோதினான். முதலில் மெதுவாக. பிறகு இரும்புச் சட்டம் அதிரும்படி. தோல் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. டோரின் "அண்ணா, அண்ணா" என்று வலைக்குள்ளால் விரல்களை விட்டு அவன் முகத்தைத் தள்ளிப் பிடிக்கப் பார்த்தாள். காவலர்கள் ஓடிவந்து அவனைக் கழுத்தோடு பிடித்து நிலத்தில் அழுத்தினார்கள். பொல்லு விழுகிற சத்தம் கேட்டது. அவன் திமிறவில்லை. இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் போனாள். வர மறுத்துவிட்டான் என்றார்கள். அதற்கடுத்த மாதமும் போனாள். அன்றைக்கு வரிசையில் முன்னால் யோசெப்பின் நின்றாள், கையில் சோற்றுப் பார்சல். டோரினைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பெயர் கூப்பிட்டபோது உள்ளே போகாமல் நின்று, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"வா. போன மாசம் என்னையும் பாக்க வரல்ல. ரெண்டு பேரும் ஒண்டாப் போனாத்தான் அவர் பாக்க வெளிய வருவார்."