பத்தொன்பது பிள்ளை பார்த்தவள்

1978-இல் நர்சிங் மாணவிகள் பிரசவக் கணக்கு எழுதிய கேஸ் புக்கை நம்பியிருந்தால், காவாந்தண்டலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊரில் இடம் போதாமல் ஏரியில்தான் தொட்டில் கட்டியிருக்க வேண்டும். பாஞ்சாலி என்ற ஒருத்தி மட்டும் ஆடி மாதத்தில் நாலு தடவை பெற்றிருந்தாள். நாலும் ஆண், நாலும் ஆறு பவுண்டு, நாலும் பகல் பன்னிரண்டேகாலுக்கு.

உத்திரமேரூர்ப் பக்கம் துணை நர்ஸ் பயிற்சிக்கு வந்த எட்டுப் பெண்களுக்கும் தாயாரம்மாள்தான் டீச்சர். ஆளுக்கு இருபது பிரசவம் பார்த்து எழுதி, அதில் அவள் கையெழுத்தும் விழுந்தால்தான் பரீட்சை. முதல் நாளே சொல்லிவிடுவாள்: "உங்க கையில வந்து விழுந்த புள்ளைய மட்டும் எழுதுங்க." அப்போது அவள் பார்க்கும் பார்வையில் சுவர்ப் பல்லிகூடப் பொய் சொல்லப் பயப்படும்.

ஏழு பேர் பல்லியைவிடத் தைரியசாலிகள். ஒருத்தி பார்த்த பிரசவத்தை நாலு பேர் பங்கு போட்டு எழுதினார்கள். அம்முலு ஒருத்திதான் டீச்சரை நம்பித் தொலைத்தாள்.

நோட்டு அனுப்ப வேண்டிய அன்று அவளிடம் பத்தொன்பது இருந்தது. காலையில் செல்லாயி என்ற பெண்ணுக்கு வலி கண்டிருப்பதாக ஆள் வந்தது. அம்முலு பையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடிய ஓட்டத்துக்குக் கொக்குகள் ஒதுங்கி வழி விட்டன. போய்ச் சேர்ந்தபோது பிள்ளை ஊர் மருத்துவச்சியின் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் சேற்றுக் காலோடு வந்து நின்றாள்.

"டீச்சர், தொப்புள் கொடிய நான்தான் கட்டி அறுத்தேன். எயுதிக்கட்டுமா?"

"புள்ள யார் கையில வந்துது?"

"மருத்துவச்சி கையில."

"அப்போ எழுதாதே."

அம்முலு எழுதவில்லை. நோட்டுகளை மேலே அனுப்பும் டாக்டரிடம் பேசிப் பத்தொன்பதையே ஏற்க வைக்கலாம் என்று தாயாரம்மாள் நினைத்திருந்தாள்.

சாயங்காலம் எட்டு நோட்டையும் டாக்டர் பஞ்சாட்சரத்தின் மேசையில் வைத்தாள். "இந்த ஏழும் பொய் சார். இது ஒண்ணுதான் நெஜம்."

டாக்டர் புரட்டிப் பார்த்தார். "ஏழுலயும் இருபது இருக்கே. பத்தொம்போது இதுலதான். நான் எதை நிறுத்தறது?"

"பொய்னு நான் எழுதிக் குடுக்கறேன்."

"குடுங்க. ஏழு பேரும் நின்னா, ரெண்டு வருஷமா டீச்சர் என்ன கிழிச்சாங்கன்னு மேலே கேப்பாங்க. மொதல்ல உங்க வேலைதான் போகும். ஒருத்தி நின்னா, கண்டிப்பான டீச்சர்னு நல்ல பேரு."

தாயாரம்மாளின் பேனா அருமையான பேனா. ஏழு கையெழுத்தும் அச்சடித்த மாதிரி, ஒரு நடுக்கம் இல்லாமல் விழுந்தன. அம்முலுவைக் கூப்பிட்டு, செல்லாயியையும் எழுதிக்கொள் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. எப்படிச் சொல்வாள்? கண்டிப்பான டீச்சர் ஆயிற்றே.

மறுநாள் அம்முலு டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"ஆறு மாசத்துல மறுபடி பரீட்சை வருது. ஒண்ணுதான் கொறையுது உனக்கு," என்றாள் தாயாரம்மாள்.

"அவுங்க ஏயு பேருதும் பொய்யினு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

தாயாரம்மாள் மறு பரீட்சை வரும் மாதத்தைச் சொன்னாள்.

"ஆறு மாசம் கயிச்சும் நீங்கதான கையெயுத்துப் போடணும்?"

"ஆமா."

"அப்போ வோணாம் டீச்சர்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டிக்கு ஒரு கை கொடுப்பதாகத் தாயாரம்மாள் கையை நீட்டினாள். அம்முலு பெட்டியை மறுபக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.