குறி போட்டுத் தாண்டு

பூதக்கண்ணாடிக்குப் பரீட்சை என்றாலே இப்போது கொட்டாவிதான் வந்தது. பயமெல்லாம் போன தடவையே தீர்ந்துவிட்டது. பூதக்கண்ணாடி என்பது அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர். மருந்துப் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஒரு தாளை மடித்து வைப்பார்களே, அதில் பிழை பார்ப்பது அவள் வேலை. எந்த வரியையும் இரண்டு முறை படிப்பாள். வருடக்கணக்காக அப்படியே படித்ததில், வேறு மாதிரி படிக்கக் கண்ணுக்கே மறந்துபோயிற்று.

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் மொழிப்பகுதி அவளைக் கவிழ்த்தது அதனால்தான். தெரியாமல் இல்லை. தெரிந்ததையே இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்து திரை மூடிக்கொண்டது. கடைசிப் பத்திகளை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இந்தச் சனிக்கிழமை மறுபடி எழுதலாம். இதையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அந்த நாற்காலிதான், அந்த எறும்புகள்தான்.

கணவர் பேருந்து ஓட்டுபவர். வேலை முடிந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு, கைப்பேசியில் நேரம் வைத்து அவளைப் பழக்கினார்.

“நீ படிக்கிறியா, பேன் பாக்குறியா?”

“புரிய வேண்டாமா?”

“அதான் புரிஞ்சிடுச்சே! பச்சை விளக்கு விழுந்தப்புறமும் நின்னா, பின்னாடி இருக்கறவன் சும்மா இருப்பானா? சந்தேகமா இருக்கா, குறி போட்டுத் தாண்டு. கடைசில திரும்பி வா.”

“ஒரு நாள் என் வேலைய வந்து பாருங்க, தெரியும்” என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் பழகினாள். அலுப்போடுதான். தாண்டிய ஒவ்வொரு வரியும் முதலில் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. போகப் போக உறுத்தல் நின்றது. நேரம் மிச்சமாகத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருமல் மருந்தின் தாள் வந்தது. மறுநாள் காலை அடித்து, மதியம் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று மேலாளர் தலைக்கு மேல் நின்றார். கண் இரண்டும் மணல் விழுந்ததுபோல் எரிந்தன. படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்றைக்கும் இல்லாமல் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

பரீட்சையில் மொழிப்பகுதி சொன்னால் நம்ப முடியாதபடி ஓடியது. கடைசிக் கேள்விக்கும் விடை குறித்தாள். மேலே பார்த்தால் நேரம் இன்னும் மிச்சம்! அட, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். திரையில் அவள் குறி போட்டுத் தாண்டிய கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. திரும்பிப் போய்ப் பார்க்கச் சொல்லி நினைவூட்டின.

சட்டென்று இருமல் மருந்தின் தாள் ஞாபகம் வந்தது. நேற்றைய தாளில், குழந்தைகளுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்கிற கட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டியிருந்தாள். திரும்பிப் போகவில்லை. நினைவூட்ட அங்கே திரை ஏது?

எல்லாப் பகுதிகளும் முடிய மதியமாகிவிடும். வண்டி கிளம்பிவிடும். கையைத் தூக்கினாள்.

“வெளிய போனா திரும்ப உள்ள விட முடியாது மேடம். மார்க்கே வராது” என்றாள் கண்காணிப்பாளர் பெண்.

“ஒரே ஒரு போன்...”

“முடியாது மேடம்.”

மிச்சக் கேள்விகள் திரையில் காத்திருந்தன. தன்னைத் திட்டிக்கொண்டே எழுந்தாள்.

வெளியே, போன்களை வாங்கி வைத்திருந்த பெட்டியிலிருந்து தன் போனை எடுத்து அச்சகத்துக்கு அடித்துச் சொன்னதும், மெஷின் ஓட்டும் அண்ணன் இரைச்சலுக்கு நடுவே கத்தினார். “நிறுத்திட்டேம்மா, நிறுத்திட்டேன்! பதறாம வா.”

“அச்சகத்துக்கு விடுங்க” என்றதும், வாசலில் காத்திருந்த கணவர் வண்டியைக் கிளப்பினார். அச்சகத்தில் நின்றபடியே அந்தக் கட்டத்தைப் படித்தாள். ஒவ்வொரு எண்ணையும் மருந்துக் கம்பெனி அனுப்பிய மூலத்தோடு வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

“ஓட்டலாமா?” என்றார் அண்ணன்.

“இருங்க.” மூன்றாம் முறையும் விரலை வைத்துத் தேடினாள்.

கணவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “என்ன, தப்பு இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்பாடா! நல்லவேளை.”

அவளுக்கு அந்த அப்பாடா வரவில்லை. விரல் இன்னும் எண்களின் மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. எதைத் தேடுகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. சீ, என்ன மனசு இது! கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“ஏங்க, பரீட்சைய விட்டுட்டு வந்ததுக்கு ஒரு தப்பாவது இருக்கணும்னு தேடிட்டு இருந்தேங்க” என்றாள். “குழந்தைங்க குடிக்கிற மருந்துல.” சொல்லிவிட்டு, மெஷின் பக்கத்திலேயே நின்று அழுதாள்.