சத்தத்தைக் குறைத்துவிட்டு

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், மகளின் மடியிலிருந்த அப்பாவின் கைப்பேசி அதிர்ந்தது. அதிர மட்டும்தான் செய்யும். அது வாய் திறந்து மணியடிக்க அப்பா ஒருநாளும் விட்டதில்லை.

"சார், பியானோ கடையிலருந்து பேசறேன். ரெண்டுல எதுன்னு இன்னைக்குச் சொல்றேன்னீங்களே?"

"எந்தப் பியானோ?" என்றாள். பிறகுதான், "அப்பா நேத்து தவறிட்டார்" என்றாள். எதை முதலில் சொல்வது என்றே புரியவில்லை.

வண்டி ஓட்டிய சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "பியானோவா? எங்கண்ணனா? லிஃப்ட் ரிப்பேரத் தவிர அவனுக்கு என்ன தெரியும்? ஆள் மாறிப் பேசறாங்கம்மா."

சொன்னாரே தவிர, அடுத்த திருப்பத்தில் அவரே வண்டியைக் கடைப்பக்கம் விட்டார்.

அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. ராத்திரி டியூட்டி நர்ஸ் அவள், பகலில்தான் தூக்கம். நேற்று மதியம் அவள் தூங்கிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் அப்பா உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்விட்டார். நடுவில் ஒரு சுவர்தான். ஊரார் மூச்சுக்கெல்லாம் ஓடுகிறவளை அவர் கூப்பிட்டாரா? கூப்பிட்டும் அவள் எழவில்லையா? அது தெரியாமல் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

கடைக்காரப் பெண் பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு டிஜிட்டல் பியானோக்களைக் காட்டினாள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.

"ரிட்டயராயாச்சு, இனிமே கத்துக்கப் போறேன்னார். வர்றவங்க எல்லாம் சத்தம் எப்படின்னு பாப்பாங்க. இவர் சத்தத்தைச் சுத்தமா குறைக்கச் சொல்லிட்டார். ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டாலும் கட்டையை அழுத்தற டொக்கு டொக்கு வெளிய கேக்கும்ல? என்னை அந்த ரூம் கதவுக்குப் பின்னாடி நிக்க வெச்சு, 'இப்பக் கேக்குதா, இப்பக் கேக்குதா'ன்னு அழுத்திக்கிட்டே இருந்தார். வீட்ல புள்ள தூங்கும்னார். நான் ஏதோ கைக்குழந்தைன்னு நெனச்சேன்."

சித்தப்பா சிரித்துவிட்டு, உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காலிங் பெல் ஒயரையே பிடுங்கிப் போட்டவனாச்சே. நான் வந்தா ஜன்னல் வழியா கையாட்டணும்."

தட்டு வைத்தால் சத்தம் வரும் என்று பாத்திரத் தொட்டியில் துண்டு விரித்துவைக்கிற ஆளும் அவர்தான். அப்படிப்பட்டவர் நேற்று அவளைக் கூப்பிட்டிருக்கவா போகிறார்? அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பா மேல் கோபம்தான் வந்தது, பொல்லாத கோபம்.

"கேட்டுச்சா?" என்றாள். "கதவுக்குப் பின்னாடி?"

"வெள்ளைல ஒண்ணுமே கேக்கல. கறுப்புல லேசா கேட்டுச்சு. ஆனா கறுப்பு மேலதான் அவருக்கு ஆசை. கை வெச்சா எடுக்க மனசு வரலேன்னார். அதான் முடிவு பண்ணாமப் போனார்."

"சரி, வேண்டாம்னு சொல்லிட்டு வாம்மா, போலாம்" என்றார் சித்தப்பா.

அவள் கறுப்புப் பியானோவின் முன் உட்கார்ந்தாள்.

"இதை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"யாரும்மா வாசிக்கப் போறா?" என்றார் சித்தப்பா.

அவள் கடைக்காரப் பெண்ணிடம், "சத்தத்தை முழுசா வைங்க" என்றாள்.

ஒரு கட்டையை அழுத்தினாள். கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓசை மெல்லத் தேய்ந்து அடங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை.